டிக் போட்ட கதவு

மயிலாடுதுறை
20.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பரிதி எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் வெயிலுக்கும் மழைக்கும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறது. நீயும் மாமாவும் சுகமா? இரண்டு மாதமாகப் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும், “டவர் இல்லடா, லெட்டர் போடு” என்று வைத்துவிடுகிறாய். இன்லண்ட் லெட்டர் கேட்ட என்னைப் போஸ்ட் ஆபீசில் மேலும் கீழும் பார்த்தார்கள்.

சேதிக்கு வருகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆகஸ்டில் அவசரநிலை ஒத்திகை நடக்கப்போகிறது. அபாயச் சங்கு ஊதுவார்கள், பஸ் வரும், ஊரைக் காலிசெய்து முகாமுக்குக் கொண்டுபோவார்கள். அதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து மார்க் போட வெளியூரிலிருந்து நான்கு பேரை எடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவன் உன் தம்பி! கஜா புயலில் வேதாரண்யத்துப் பாதுகாப்பு மையங்களுக்கு வந்து சேராதவர்கள் யார், ஏன் என்று இரண்டு வருடம் அலைந்து கட்டுரை எழுதினேனே, அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்களாம். எனக்கு ஒதுக்கிய மூன்று ஊர்களில் உன் பனைமேட்டுக்குப்பமும் ஒன்று.

சொந்தக்காரர்கள் இருக்கும் ஊராக இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. சொல்லவில்லை. சொன்னால் ஊரை மாற்றிவிடுவார்கள், உன்னைப் பார்க்கிற சாக்கு போய்விடும். நாலு பக்கப் படிவம், நூறு மார்க். கல்லூரியில் சக வாத்தியார்கள் என்னை இப்போதே “கலெக்டர் சார்” என்று கிண்டல் செய்கிறார்கள்.

மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. போர் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறோம். மாமாவுக்கு என் வணக்கம். அவர் மீன் வண்டி எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாகிவிட்டது.

அன்புத் தம்பி,
பரிதி


பனைமேட்டுக்குப்பம்
8.7.2024

அன்புள்ள தம்பி பரிதிக்கு,

அக்கா செம்மொழி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் மாமா நலம். அம்மா முழங்காலுக்கு நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடு. நீ கொடுக்கமாட்டாய், அதனால்தான் சீக்கிரம் ஒரு பெண்ணைக் கட்டு என்கிறேன்.

போனை உன் மாமா வண்டியில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கிளம்பினால் நாலு நாள், ஐந்து நாள். அதனால் கடிதமே நல்லது. கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் ஊருக்கு மார்க் போட நீ வருவது ரொம்பப் பெருமை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். வேலையாக வந்தால் வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விடு. ஜீப்பும் அதிகாரிகளுமாக என் வீட்டு வாசலில் வந்து நிற்காதே. தம்பி அக்கா வீட்டு வாசலை வெறுங்கையோடு மிதிக்கலாமா? ஒரு சீப்பு வாழைப்பழமாவது வேண்டாமா? அரசாங்க வண்டியில் பழத்தாறோடு வந்து இறங்கினால் உன் மார்க்கை யார் நம்புவார்கள்? பொங்கலுக்குச் சீர் கொண்டுவரும்போது முறையாக வா, கறி எடுத்துச் சமைத்துப் போடுகிறேன்.

இன்னொன்று கேட்கவேண்டும் என்று இருந்தேன். உன் படிவத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கட்டம் ஏதாவது உண்டா? அவர்களை எப்படிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள்? எங்கள் எதிர்வீட்டில் ஒருவர் அப்படி இருக்கிறார், அதனால் கேட்டேன்.

உன் அக்கா,
செம்மொழி


மயிலாடுதுறை
19.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் சொல்லைத் தட்டாத தம்பி எழுதுகிறேன். அம்மாவுக்கு ஒத்தடம் நானே கொடுத்தேன், கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன்.

பதின்மூன்றாம் தேதி உன் ஊருக்கு வந்துவிட்டு உன்னைப் பார்க்காமல் திரும்பியது நெஞ்சில் ஒரு முள்ளாக இருக்கிறது. ஆனால் ஒத்திகை பிரமாதம் அக்கா! பத்து மணிக்குச் சங்கு. பத்தே முக்காலுக்கு ஊரில் ஈ காக்கை இல்லை. தொண்டர்கள் வீடு வீடாகப் போய், ஆள் வெளியேறிப் பூட்டிய கதவில் சாக்பீசால் வெள்ளை டிக் போட்டார்கள். அந்த டிக்கைத்தான் நாங்கள் எண்ணவேண்டும்.

மற்றத் தெருக்களில் இறங்கி நடந்தேன். உன் தெருவில் மட்டும் ஜீப்பை முனையிலேயே நிறுத்தச் சொன்னேன். கையில் ஒரு பழம்கூட இல்லாமல் உன் வாசலைத் தாண்டி எப்படி நடப்பது? அங்கேயே நின்று, “எல்லாக் கதவுலயும் டிக் இருக்கா?” என்று தொண்டரைக் கேட்டேன். “இருக்கு சார்” என்றார். உன் வீட்டு நீலக் கதவும் பூட்டும் டிக்கும் தூரத்திலிருந்தே தெரிந்தன. முகாமில் உன்னைத் தேடினேன். இருநூறு பேர் கூட்டம், கண்ணில் படவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: கட்டம் உண்டு. “நடமாட இயலாதோர் எண்ணிக்கை” என்று ஒரு வரி. உன் ஊருக்கு அதில் “இல்லை” என்று ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். உன் எதிர்வீட்டுக்காரரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களோ?

தொண்ணூற்றிரண்டு மார்க் போட்டேன். மாவட்டத்திலேயே உன் ஊர்தான் முதல். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

அன்புடன்,
பரிதி


பனைமேட்டுக்குப்பம்
25.9.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் போடத் தாமதமாகிவிட்டது, தையல் வேலை நிறைய.

தொண்ணூற்றிரண்டு என்று ஊரில் பேனரே கட்டினார்கள். ரொம்பச் சந்தோஷம். நான் முகாமில்தான் இருந்தேன், பின்வரிசையில். எலுமிச்சைச் சாதம் கொடுத்தார்கள், நன்றாக இருந்தது. உன்னைத் தூரத்தில் பார்த்தேன். இளைத்துப் போயிருக்கிறாய்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

செம்மொழி


மயிலாடுதுறை
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தைக் கேட்டு எழுதுகிறேன், வழக்கத்துக்காக இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

முகாமில் அன்று கொடுத்தது சாம்பார் சாதம் அக்கா. நானும் ஒரு பொட்டலம் சாப்பிட்டேன். எலுமிச்சைச் சாதம் யாருக்கும் கொடுக்கவில்லை. மறந்திருப்பாய் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். பிறகு மனசு கேட்கவில்லை. முகாமில் கையெழுத்தும் கைரேகையும் வாங்கிய பட்டியலின் நகல் என்னிடம் இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நாலு தடவை படித்துவிட்டேன். உன் பெயர் இல்லை. மாமா பெயரும் இல்லை. உன் தெருமுனை வீட்டு ரஹ்மத் பீவி பெயர் இருக்கிறது.

கதவில் பூட்டு இருந்தது. முகாமில் நீ இல்லை. அப்படியானால் அன்று எங்கே இருந்தாய்?

நீ சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லத் தெரியாதவள். மாட்டிக்கொள்வது மாதிரிதான் சொல்வாய். மாமாவோடு ஏதாவது சண்டையா? வீட்டைவிட்டு எங்காவது போயிருந்தாயா? எதுவாக இருந்தாலும் எழுது. அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

குறுவை அறுத்தாயிற்று. ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் ஒரு வாரம் காக்கவைத்தார்கள். நெல்மேல் படுதாவைப் போட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தேன். கிடந்த நேரமெல்லாம் உன் நினைப்புதான்.

பரிதி


மயிலாடுதுறை
28.11.2024

அக்கா,

ஏழு வாரமாயிற்று. பதில் இல்லை. நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

ஒரு வாரமாக மழை விடவில்லை. சம்பா முழுக்கத் தண்ணீருக்குள் நிற்கிறது, வடிகாலும் வாய்க்காலும் ஒன்றாகிவிட்டன. இல்லையென்றால் எப்போதோ பஸ் ஏறியிருப்பேன்.

நேற்று மத்தியானம் உன் நம்பருக்குப் போட்டேன். யாரோ எடுத்தார்கள். “அக்கா?” என்றேன். பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு குழறல், வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி. “பா... பா...” என்று கேட்டது. அதோடு எதுவோ கீழே விழுந்த சத்தம், லைன் போய்விட்டது. திரும்பப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

யார் அக்கா அது? போன் வண்டியில் போகிறது என்றாயே. வண்டி எங்கே?

அம்மா பக்கத்தில்தான் இருந்தது. “யாருடா போன்ல?” என்றது. ராங் நம்பர் என்றேன். அம்மா நம்பவில்லை.

உடனே எழுது. இரண்டு வரி போதும்.

பரிதி


பனைமேட்டுக்குப்பம்
9.12.2024

என் தம்பிக்கு,

அம்மா பக்கத்தில் இருந்தால் இதைப் படிக்காதே. தனியாகப் போய்ப் படி.

போனை எடுத்தது உன் மாமா. உன் பெயரைத்தான் சொல்லப் பார்த்திருக்கிறார். இடது கையால் எடுத்து, பிடிக்கமுடியாமல் போட்டுவிட்டார். நான் அப்போது குழாயடியில் இருந்தேன்.

சித்திரை பிறந்த வாரத்தில் வண்டியிலிருந்து இறங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது பாதி புரியும், பாதி புரியாது. வண்டியை விற்றாயிற்று. எதிர்வீட்டில் ஒருவர் படுக்கையில் இருக்கிறார் என்று எழுதினேனே, அது இவர்தான். போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் உன்னைக் கடிதம் எழுதவைத்தேன்.

ஏன் மறைத்தாய் என்பாய். கல்யாணம் பேசும்போது அம்மா சொன்னது நினைவிருக்கிறதா? “அம்மாந் தூரம் கட்டிக் குடுத்தா ஆத்திர அவசரத்துக்கு யாருடி ஓடிவருவா?” என்றது. “எனக்கு அவசரமே வராது, நீ சும்மா இரு” என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னேன். அந்த வாயால் எப்படிச் சொல்வது? பிள்ளை குட்டி இல்லாத வீடு, எப்படியோ நானே சமாளித்துவிடுவேன் என்று நினைத்தேன்.

இனி அந்த நாளைப் பற்றி.

முதல் நாளே தொண்டர் வந்தார். இவரால் எழுந்திருக்க முடியாது, ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று சொன்னேன். அவர் நல்ல பிள்ளைதான். “அக்கா, இருக்கறது ஒரு ஆம்புலன்ஸ், அது முகாம்ல பெரியவங்க முன்னாடி நிக்கணும். பஸ் பத்து நிமிஷத்துக்கு மேல நிக்காது. உங்க ஒரு வீட்டால ஊர் மார்க்கு போயிடும். ஒத்திகைதானக்கா, ரெண்டு மணி நேரம் சத்தம் காட்டாம உள்ள இருந்துக்கங்க” என்றார். நானும் தலையாட்டினேன். என் தம்பிதான் மார்க் போட வருகிறான் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். நீ இந்த நிலையைப் பார்த்துவிடக் கூடாது என்று எனக்கும் இருந்தது. உன்னை வாசலுக்கு வராதே என்று எழுதியதும் அதற்குத்தான்.

காலையில் ரஹ்மத் பீவி வெளியே பூட்டினாள். பூட்டும்போது அழுதாள். தொண்டர் டிக் போட்ட சத்தம் உள்ளே கேட்டது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பஸ் ஏறிவிட்டாள். பஸ் நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சாவி பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது.

அப்போது மறுபடியும் சங்கு ஊதினார்கள். ஒத்திகை என்று இவருக்குக் காலையில் சொல்லியிருந்தேன், புரியவில்லை போல. நிஜம் என்று நினைத்துவிட்டார். கண் இரண்டும் வெளியே வந்துவிட்டது தம்பி. இடது கையால் என்னைத் தள்ளினார். தள்ளித் தள்ளி வாசலைக் காட்டினார். நீ போ, நீ போ என்கிறார். நான் அவர் கையைப் பிடிக்கிறேன், உதறுகிறார். “ஒண்ணுமில்ல, ஒத்திகை” என்று காதில் சொல்கிறேன். மைக்கில் வேறு, “இது கடைசி எச்சரிக்கை” என்று போகிறது. வாய்விட்டுச் சொல்லி அவரை அமர்த்த எனக்கு வழியில்லை. சத்தம் வரக்கூடாது.

அப்போதுதான் உன் குரல் கேட்டது. “எல்லாக் கதவுலயும் டிக் இருக்கா?” என்றாய். நூறு அடி இருக்குமா? நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவருக்கும் உன் குரல் தெரிந்திருக்கிறது. “பா... பா...” என்றார். அவர் வாயையும் பொத்தினேன். அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்?

ஜீப் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் சாவி வந்தது.

உன்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் வராதே என்றேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சங்கைச் சோதிக்க ஊதும்போது, அவர் என்னைத் தள்ள ஆரம்பித்துவிடுகிறார்.

செம்மொழி


மயிலாடுதுறை
16.12.2024

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

வேதாரண்யத்தில் பாதுகாப்பு மையத்துக்கு வராதவர்கள் யார் என்று இரண்டு வருடம் வீடு வீடாகப் போய்க் கேட்டவன் நான். வராதவர்கள் எல்லாம் வரமுடியாதவர்கள் என்று எழுதிக் கைதட்டு வாங்கியவன். வாழைப்பழம் இல்லை என்பதற்காக ஒரு தெருவில் இறங்காமல் எட்டு வீட்டுக்கு மார்க் போட்டிருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். அந்தத் தெருவில் நான் நடக்கவில்லை என்றும், நடமாட இயலாதவர் ஒருவர் பூட்டிய வீட்டுக்குள் இருந்தார் என்றும், என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதினேன். அவர் என் அக்காள் கணவர், அதையும் முதலிலேயே சொல்லாமல் மறைத்தேன் என்றும் சேர்த்தே எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள். ஒரு பொழுது சாப்பிடவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னது. சொன்னபடியே எழுதுகிறேன்:

“அடியே செம்மொழி. நான் ஒரு வார்த்தை சொன்னா அத ஒம்பது வருசம் மடியில கட்டி வச்சிருப்பியா? அவசரத்துக்கு யாரு வருவான்னு கேட்டது, நான் வருவேன்டின்னு சொல்றதுக்குத்தான். அதுக்குள்ள நீ மூஞ்சிய திருப்பிக்கிட்டுப் போயிட்ட. மாப்புள்ளைக்குக் கஞ்சி தொண்டையில எறங்குதா? முதுகுல புண்ணு வராம திருப்பித் திருப்பிப் போடு. என்னாலதான் பஸ்ஸு ஏற முடியல. பெத்தவகிட்ட ஒளிக்கிறதுக்கு என்னடி இருக்கு?”

இதற்குமேல் அம்மாவால் சொல்லமுடியவில்லை.

பரிதி


பனைமேட்டுக்குப்பம்
18.1.2025

தம்பிக்கு,

பொங்கல் போயிற்று. பால் பொங்கியது, அவ்வளவுதான். அம்மா சொல்லி நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். “மாப்புள்ளை” என்ற இடத்தில் அழுதார்.

உன்மேல் எனக்குக் கோபம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டை எப்படி எழுதுவாய்? பொங்கலுக்கு முன்தினம் நாலு அதிகாரிகள் வந்துவிட்டார்கள். அவரைப் போர்வையை விலக்கிப் பார்த்தார்கள், சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி. வார்டு மெம்பர் தெருவில் நின்று கத்தினார். “நல்ல மார்க்கு எடுத்த ஊருன்னு தார் ரோடு தரேன்னு சொல்லியிருந்தாங்க. தம்பிய வச்சு ஊரையே மாட்டிவிட்டுட்டியேம்மா” என்றார். அந்தத் தொண்டர் பையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவன் என்ன செய்வான், பாவம்? இரண்டு நாள் குழாயடியில் யாரும் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ரஹ்மத் பீவி வந்தாள். வாசலிலேயே உட்கார்ந்து, “செம்மொழி, அன்னிக்கு என் இடுப்புல ரெண்டு சாவி இருந்துச்சு” என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் மாமியாருக்கு இடுப்பு முறிந்து ஒரு வருடமாயிற்றே, அந்தக் கிழவியையும் அன்று உள்ளே வைத்துத்தான் பூட்டியிருக்கிறாள். “அவங்க தொழுதுக்கிட்டே இருந்தாங்களாம்” என்று அழுதாள். அடுத்து மேலத்தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். மூளை வளர்ச்சி இல்லாத மகன். அப்புறம் இன்னொருத்தி. எண்ணிப் பார்த்தால் பதினோரு வீடு பரிதி. நீ நடந்து பார்த்த தெருக்களிலும் இருந்திருக்கின்றன. பதினோரு கதவிலும் வெள்ளை டிக்.

அதனால் கோபம் பாதிதான் இருக்கிறது.

பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி மறுபடியும் ஒத்திகையாம். இந்தத் தடவை பூட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்ட்ரெச்சர் கேட்டேன். எழுதிக்கொண்டு போனார்கள். சங்கு ஊதினால் இவர் என்ன செய்வாரோ என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

செம்மொழி


மயிலாடுதுறை
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் பாதிக் கோபத்துக்கு நன்றி, மீதிப் பாதியை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். தொண்டரைப் பற்றிப் படித்ததும் வெட்கமாகிவிட்டது. தவறு என்னுடையது, அவரைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன். என்ன செய்வார்களோ தெரியாது.

என்னை மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கல்லூரியில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், இந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வராது என்று முதல்வர் காதோடு சொன்னார். சரிதான். இந்தத் தடவை வேறு மாவட்டத்திலிருந்து ஒரு அம்மாள் வருகிறாராம்.

எனக்கு இப்போது எந்த வேலையும் இல்லை, எந்த ஜீப்பும் இல்லை. அதனால் முறையாக வரலாம் அல்லவா? பொங்கல் சீர் பாக்கி இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி வருகிறேன். வெறுங்கையோடு வரமாட்டேன்.

மாமாவிடம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவை. சங்கு ஊதும், பொய்ச் சங்கு, தூக்கிக்கொண்டு போவோம், திரும்பக் கொண்டுவந்துவிடுவோம் என்று. ஒரே நாளில் சொன்னால் புரியாது. தினமும் சொன்னால் புரியும்.

அன்புத் தம்பி,
பரிதி


பனைமேட்டுக்குப்பம்
16.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் செம்மொழி வணங்கி எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்குக் கஞ்சி இறங்குகிறது. முதுகில் புண் இல்லை. இதைத் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன், அவனே படித்துக் காட்டுவான். நடந்ததை அவன் கூட்டிக் குறைத்துச் சொல்வான், அதனால் நானே எழுதுகிறேன்.

சீர் வந்து சேர்ந்தது. அரிசி, வெல்லம், வாழைத்தாறு, எனக்குப் புடவை, அவருக்கு வேட்டி. அதோடு ஒரு ஸ்ட்ரெச்சர். அலுமினியக் குழாயை வளைத்து, நம் வீட்டு நெல் மூடுகிற படுதாவை இழுத்துத் தைத்து, மயிலாடுதுறையில் பட்டறையில் சொல்லிச் செய்திருக்கிறான். அதன் பிடியில் நீ மஞ்சள் கொத்து கட்டிக் கொடுத்திருக்கிறாய். தெருவே கூடிப் பார்த்தது. “ஸ்ட்ரெச்சர் சீர் கொண்டாந்த தம்பிய இப்பத்தான் பாக்குறேன்” என்றாள் ரஹ்மத் பீவி. ஒரு வருடத்துக்கு அப்புறம் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பதின்மூன்றாம் தேதி சங்கு ஊதியது. நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தள்ளுவார் என்று பயந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டேன். அவர் தள்ளவில்லை அம்மா. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

மதிப்பிட வந்த அம்மாள் வாசலில் நின்று கதவைத் தட்டினார். “உள்ள யார் இருக்காங்க?” என்று கேட்டார். போன தடவை யாரும் கேட்காத கேள்வி. நாங்கள் மூன்று பேர் என்றேன்.

தம்பியும் நானும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினோம். உள்கட்டு வாசல் குறுகல், ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. கதவைக் கழற்றினோம். தெருவுக்கு வரப் பதினேழு நிமிடம். பஸ் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டது. வெறும் ரோட்டில் அவரைத் தூக்கிக்கொண்டு நின்றோம். தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மட்டும் வெயிலுக்கு இடது கையைக் கண்மேல் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பத்து மாதமாக வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் அல்லவா?

அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதினார். பதினேழு நிமிடம், பஸ் நிற்கவில்லை, ஆம்புலன்ஸ் வரவில்லை, பதினோரு வீடு. ஐம்பத்துநான்கு மார்க்.

ஊரே தலையில் கை வைத்துக்கொண்டது. தொண்ணூற்றிரண்டு ஐம்பத்துநான்காகிவிட்டதே என்று மெம்பர் இன்னும் புலம்புகிறார். எனக்குத் துக்கமில்லை. அந்தத் தொண்ணூற்றிரண்டில் இவர் இல்லை அம்மா. இந்த ஐம்பத்துநான்கில் இருக்கிறார்.

பயம் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஒரு ஸ்ட்ரெச்சர், பதினோரு வீடு. நிஜமாக ஊதினால் யாரை முதலில் தூக்குவது என்று பேசினோம். எங்கள் வீடு தெருக்கோடி, மற்றவர்களுக்குத் தூரம். அதனால் ஸ்ட்ரெச்சரைத் தெருமுனையில் ரஹ்மத் பீவியின் மாமியாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். தம்பிக்கு இதில் வருத்தம். இன்னும் இரண்டு செய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான், நீ நினைவுபடுத்து. தொண்டர் பையனுக்கும் இன்னும் வேலை திரும்பவில்லை.

எனக்கு அவசரமே வராது என்று உன்னிடம் சொன்னேன். வந்துவிட்டது அம்மா. நீ வா. பஸ் ஏற முடியாவிட்டால் தம்பி கார் பிடித்துக் கூட்டிவரட்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பூட்டையும் சாவியையும் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். நல்ல பூட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் போட்டுக்கொள். இங்கே அதற்கு வேலை இல்லை.

உன் மகள்,
செம்மொழி